சத்தம் கேட்கிறது, பேச்சுத்தான் விளங்குவதில்லை!

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கட்டாரிலிருந்து நானாவின் அழைப்பு வந்தது. உம்மா கையடக்கத் தொலைபேசியைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஓ மகன்... ஓ... சரி மகன்... அல்லாஹ் காவல்” என்று ஐந்து நிமிடம் கதைத்தார். போனை வைத்ததும் முகம் வாடிப்போயிற்று. முஸல்லாவை விரித்து, கண்ணீரோடு துஆக் கேட்கத் தொடங்கினார். என்ன உம்மா என்று பதறிப்போய்க் கேட்டோம். மூத்த பேத்தியைக் கடும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அன்றிரவு உம்மா உறங்கவேயில்லை.

மறுநாள் காலை மதினியோடு கதைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காய்ச்சல் வந்தது இளையவளுக்கு. மூத்தவள் நல்ல சுகத்தோடு பள்ளிக்கூடம் போய் வருகிறாள். இளையவளும் முதல் நாளே சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டாள். அதையும் நானா அதே அழைப்பில் சொல்லியிருக்கிறார்! இரண்டு பிள்ளைகளின் பெயர்களுக்கும் முதல் எழுத்தில் மட்டுமே வித்தியாசம். ஒருத்தியின் பெயர் ‘ஸ’வில் தொடங்கும், மற்றவளின் பெயர் ‘ஃப’வில் தொடங்கும்.

“விளங்காவிட்டால் திருப்பிக் கேட்டிருக்கலாம்தானே உம்மா?” என்றேன்.

“ஒவ்வொரு தரமும் என்ன, என்னண்டு கேட்டா மகனுக்குச் சலிச்சுப் போகும். சத்தம் கேட்குது மகள். பேச்சுத்தான் வெளங்குதில்ல” என்றார் உம்மா.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் இப்படியொரு உம்மாவோ, வாப்பாவோ, மாமியோ இருக்கக்கூடும். “ஓ, ஓ” என்று தலையாட்டிவிட்டு, பாதியை விளங்கியும் பாதியைத் தாமாகவே ஊகித்தும் போனை வைக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். ‘வயது போனால் அப்படித்தான்’ என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் இந்தக் குறையில் ஒரு பங்கு காதுடையது என்றால், மற்றொரு பங்கு தொலைபேசியுடையது. தொலைபேசியின் பங்கை இன்று பெருமளவு நீக்கிவிட முடியும். அதற்கான வசதிகள் அநேகமாக உங்கள் கையிலுள்ள போனிலேயே இருக்கின்றன. நாம்தான் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை.

கசெட்டில் வந்த குரல்

நம்மில் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். மத்திய கிழக்குக்குப் போனவரின் குரல் கசெட் நாடாவில் வரும். ஊருக்கு வருகிற யாராவது அதைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவார். குடும்பமே வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்கும். பிறகு சந்தியில் ‘கொமியுனிகேஷன்’ கடைகள் வந்தன. வெளிநாட்டு அழைப்பு என்றால் கடிகார முள்ளைப் பார்த்தபடி, நெஞ்சு படபடக்கக் கதைத்து முடிக்க வேண்டும். சுகமா, பணம் வந்ததா, எப்போது வருவீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்குள் ஒரு மாதத்து ஏக்கம் அடங்கிவிடும்.

தெற்காசியாவிலேயே முதன்முதலாகக் கையடக்கத் தொலைபேசிச் சேவை ஆரம்பமானது நமது இலங்கையில்தான், 1989ஆம் ஆண்டில். 1995இல் டிஜிட்டல் முறையிலான சேவையும் வந்தது. ஆனாலும் அது சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்து சேர மேலும் பல வருடங்கள் சென்றன. இன்று வீட்டுக்கு இரண்டு மூன்று போன்கள் இருக்கின்றன. படம் பிடிக்கிறோம், காணொளி பார்க்கிறோம், பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். ஆனால் கதைப்பதை மட்டும் பழைய முறையிலேயே செய்துகொண்டிருக்கிறோம்.

‘ஸ’வும் ‘ஃப’வும் எங்கே போயின?

ஏன் பேச்சு விளங்குவதில்லை என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

ஒலி என்பது அதிர்வு. ஒரு விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதை ஹேர்ட்ஸ் என்ற அலகினால் அளக்கிறார்கள். ஆரோக்கியமான இளம் காது சுமார் 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளைக் கேட்கும். ஆனால் பழைய தொலைபேசி முறையில் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான பகுதியை மட்டுமே கம்பி வழியே அனுப்பினார்கள். ஒரே கம்பியில் பல அழைப்புகளைச் செலுத்துவதற்காகச் செய்த சிக்கனம் அது. கையடக்கத் தொலைபேசி வந்தபோதும் அதே அளவையே பின்பற்றினார்கள்.

ஆ, ஈ, ஊ போன்ற உயிரோசைகள் இந்தச் சிறிய வாசலுக்குள் நுழைந்துவிடும். ஸ, ஷ, ஃப போன்ற காற்றோசைகளின் பலமோ பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே அவை வாசலிலேயே வெட்டுப்படுகின்றன. நமது பெயர்களிலும், நாம் அன்றாடம் கதைக்கிற அறபுச் சொற்களிலும் இந்த ஓசைகளே நிறைந்திருக்கின்றன என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். தொலைபேசியில் குர்ஆன் ஓதிக் காட்டும் பிள்ளை எந்த எழுத்தை ஓதுகிறது என்று உஸ்தாத் தடுமாறுவதற்கும் இது ஒரு காரணம்.

இனி காதின் பக்கத்தைப் பாருங்கள். வயது செல்லச் செல்லக் காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுள்ள ஒலிகளைத்தான். தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்கும். அதனால்தான் ‘சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை’ என்று முதியவர்கள் சொல்கிறார்கள். 60 வயதைக் கடந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கும் மேலானோர் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறனை இழந்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காது எந்த ஒலிகளை இழக்கிறதோ, அதே ஒலிகளைத்தான் பழைய தொலைபேசியும் வெட்டுகிறது. ஒரே இடத்தில் இரண்டு அடி!

இந்த நிலையில், நாம் போனில் இன்னும் உரக்கக் கத்தினால் என்ன நடக்கும்? ஏற்கெனவே கேட்கிற ‘ஆ’வும் ‘ஊ’வும்தான் இன்னும் பெரிதாகும். காணாமற்போன ‘ஸ’ திரும்பி வராது.

வாசல் அகன்றுவிட்டது

இன்றைய நான்காம் தலைமுறை வலையமைப்பில், அதாவது 4ஜீயில், அழைப்பையே இணையத் தரவு போல அனுப்பும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு வோ.எல்.டீ.ஈ. என்று பெயர். 2012ஆம் ஆண்டிலிருந்து உலக நாடுகள் ஒவ்வொன்றாக இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இம்முறையில் குரல் 50 முதல் 7,000 ஹேர்ட்ஸ் வரை அகன்ற வாசலால் செல்கிறது. இதைத்தான் ‘எச்.டீ. வொய்ஸ்’ என்கிறார்கள். 2014இல் வகுக்கப்பட்ட மற்றொரு முறை இன்னும் கூடுதலான ஒலியையும் தாங்கக்கூடியது. ‘ஸ’வும் ‘ஷ’வும் ‘ஃப’வும் இந்த வாசலால் தாராளமாக நுழையும்.

இதில் வேறு நன்மைகளும் உண்டு. அழைப்பு விரைவாகத் தொடுக்கப்படுகிறது. பழைய முறையில் அழைப்பு வந்ததும் போன் 4ஜீயிலிருந்து கீழே இறங்கிவிடும். பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த பாடமும் நின்றுபோகும். புதிய முறையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

உங்கள் போனில் இது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குச் சென்று ‘மொபைல் நெட்வர்க்’ அல்லது ‘சிம்’ என்றுள்ள இடத்தைத் திறந்தால், வோ.எல்.டீ.ஈ. என்றோ ‘4ஜீ கோலிங்’ என்றோ ஒரு சிறிய ஆளி தெரியும். அது மூடியிருந்தால் திறந்துவிடுங்கள். அப்படி எதுவுமே தென்படாவிட்டால், போன் பழையதாகவோ சிம் பழையதாகவோ இருக்கலாம். உங்கள் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் விசாரியுங்கள். பல வருடங்களுக்கு முன்பு வாங்கிய சிம்மை மாற்றினாலே சிலருக்குக் குறை தீர்ந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். அகன்ற ஒலி கிடைக்க வேண்டுமானால் இரு பக்கத்துப் போன்களிலும், இடையிலுள்ள வலையமைப்புகளிலும் அந்த வசதி இருக்க வேண்டும். இரண்டு நாடுகளுக்கிடையிலான சாதாரண அழைப்பில் இது பெரும்பாலும் அமைவதில்லை. அங்கே வட்ஸ்அப் போன்ற இணையவழி அழைப்புகளே மேலானவை. அவை ஆரம்பத்திலிருந்தே அகன்ற ஒலியை அனுப்புகின்றன. குரல் மட்டும் கதைப்பதற்குச் செலவாகும் டேட்டா, காணொளி அழைப்பின் செலவோடு ஒப்பிடும்போது மிகவும் சொற்பமே. ரீலோட் பணத்தை எண்ணிச் செலவிடுவோர் வட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டாவைப் பாவிக்கும் தெரிவையும் திறந்துகொள்ளலாம். ஆனால் ஒலியின் தரம் சற்றுக் குறையும் என்பதை அறிந்து செய்யுங்கள்.

கொங்கிறீட் பிளேட் போட்ட வீடுகளில் ‘சிக்னல் இல்லை’ என்று வாசலுக்கும் முற்றத்துக்கும் ஓடுகிறோம் அல்லவா? வீட்டில் வைஃபை இருந்தால் அதன் வழியாகவே சாதாரண இலக்கத்தில் அழைப்பை எடுக்கும் வசதியும் இன்று வந்துவிட்டது. ‘வைஃபை கோலிங்’ என்ற பெயரில் அதே செட்டிங்ஸ் பகுதியில் இருக்கும். உங்கள் நிறுவனமும் போனும் அதற்கு இடமளிக்கின்றனவா என்று கேட்டறியுங்கள். இரவில் கதைப்பதற்காகப் பெண்கள் முற்றத்தில் போய் நிற்க வேண்டிய நிலை இதனால் இல்லாமற் போகும்.

குசினிச் சத்தத்தை எப்படிக் குறைப்பது?

ஒரு பக்கம் தேங்காய்ச் சம்பல் அரைபடுகிறது, பிரஷர் குக்கர் சீட்டியடிக்கிறது, மின்விசிறி சுழல்கிறது. இவற்றுக்கு நடுவே போனை அலுமாரி மேல் வைத்து, ஒலிபெருக்கியில் போட்டுக் கதைக்கிறோம். மறுமுனையில் இருப்பவரின் பாட்டை எண்ணிப் பாருங்கள்!

இப்போதைய போன்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிவாங்கிகள் இருக்கின்றன. கீழ்ப்பக்கத்தில் இருப்பது உங்கள் வாயோசையைப் பிடிக்கிறது. மேற்பக்கத்திலோ பின்பக்கத்திலோ இருப்பது சுற்றுச்சூழலின் இரைச்சலைப் பிடிக்கிறது. போன் இரண்டையும் ஒப்பிட்டு, இரைச்சலைக் கழித்துவிட்டுக் குரலை மட்டும் அனுப்புகிறது. புதிய போன்களில் மனிதக் குரல் எது, மிக்ஸிச் சத்தம் எது என்று பிரித்தறியப் பழக்கப்பட்ட மென்பொருளும் இருக்கிறது. ஐபோனில் ‘வொய்ஸ் ஐசோலேஷன்’ என்ற இவ்வசதி 2023இல் சாதாரண அழைப்புகளுக்கும் வந்தது. கதைத்துக்கொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்தால் அதைத் தெரிவு செய்யலாம். கூகுளின் பிக்சல் போன்களில் 2022இல் வந்த ‘கிளியர் கோலிங்’, எதிர்முனையிலிருந்து வரும் இரைச்சலைக் குறைத்து நமக்குத் தருகிறது. மற்ற நிறுவனங்களின் போன்களிலும் இத்தகைய தெரிவுகள் வேறு வேறு பெயர்களில் இருக்கின்றன.

புதிய போன் வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். செலவில்லாத சில வழிகளும் இருக்கின்றன:

ஒலிவாங்கியை வாய்க்கு அண்மையில் வையுங்கள். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரலின் அளவு 6 டெசிபல் கூடும். எந்த மென்பொருளும் இதற்கு ஈடாகாது.

போனின் உறை அந்தச் சிறிய துளைகளை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் விரலும் அவற்றை மறைக்கக் கூடாது.

மா, தூசி, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை காதுப் பக்கத்து வலையை அடைத்துவிடுகின்றன. மென்மையான உலர்ந்த தூரிகையால் மெதுவாகத் துடையுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், தண்ணீர் படவிடாதீர்கள்.

ஒலிவாங்கியுள்ள வயர் ஹெட்செட்டே முதியவர்களுக்கு மிகப் பொருத்தமானது. இரு காதுகளாலும் கேட்கும்போது பேச்சு இலகுவாக விளங்கும். விலை மலிந்த சில புளூடூத் கருவிகள் அழைப்பு வந்ததும் ஒலியைப் பழைய குறுகிய வாசலுக்கே இறக்கிவிடுகின்றன. வாங்கு முன் பாட்டுப் போட்டுப் பார்க்காமல், யாருடனாவது கதைத்துப் பாருங்கள்.

காது கேளாதோருக்கும் ஒரு வழி

தொலைபேசிக்கு 1876இல் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் தாயார் செவிப்புலன் குன்றியவர். அவரது மனைவி சிறுவயதில் வந்த காய்ச்சலினால் கேட்கும் சக்தியை இழந்தவர். பெல் தாமே காது கேளாப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியர். ஆயினும் அவர் உருவாக்கிய கருவியை அவரது வீட்டுப் பெண்கள் இருவராலும் மற்றவர்களைப் போலப் பாவிக்க முடியவில்லை. நீண்ட காலமாகத் தொலைபேசி காது கேளாதோருக்குப் பெரும்பாலும் மூடிய கதவாகவே இருந்தது.

அந்தக் கதவு இப்போது திறக்கிறது. காணொளி அழைப்பில் காது கேளாதோர் சைகை மொழியில் உரையாடுகிறார்கள். காது மந்தமானவர்களும் உதட்டசைவைப் பார்த்து, கேட்காத சொல்லை விளங்கிக்கொள்கிறார்கள். எனவே உம்மாவோடு காணொளியில் கதைக்கும்போது கமராவை முகட்டைப் பார்க்க வைக்காதீர்கள். வெளிச்சம் முகத்தில் விழும்படி அமர்ந்து, நிறுத்தி நிதானமாகக் கதையுங்கள். கத்தத் தேவையில்லை.

செவிப்புலன் கருவி அணிபவர்களுக்கு, அழைப்பின் ஒலியைப் புளூடூத் மூலம் நேரடியாகக் கருவிக்குள்ளேயே அனுப்பும் வசதி இருக்கிறது. கருவி வாங்கச் செல்லும்போது, ‘இது எங்கள் போனோடு இணையுமா?’ என்று முதலில் கேளுங்கள். அதற்கும் முன்னதாக வைத்தியரிடம் காட்டுங்கள். சில வேளைகளில் காதில் சேர்ந்த குறும்பியே எல்லாவற்றுக்கும் காரணமாக இருக்கும்!

மற்றுமொரு இலகுவான வழி குரல் மடல். வட்ஸ்அப்பில் பதிவு செய்து அனுப்பும் குரலை எத்தனை தடவையும் திருப்பிக் கேட்கலாம். “என்ன, என்ன” என்று மகனிடம் கேட்க வெட்கப்படுகிற உம்மா, தனியே அமர்ந்து மூன்று முறை கேட்டு விளங்கிக்கொள்வார். முக்கியமான செய்திகளான வைத்தியரின் திகதி, மருந்தின் அளவு, பணம் அனுப்பிய விபரம் ஆகியவற்றை அழைப்பில் சொன்ன பிறகு குரல் மடலிலும் அனுப்பச் சொல்லுங்கள். அன்று கசெட்டில் வந்த குரல் இன்று நொடியில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வளைகுடாவிலிருப்போரின் நேரமும் சட்டமும்

சவூதி, கட்டார், குவைத் ஆகிய நாடுகள் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கின்றன. அமீரகமும் ஓமானும் ஒன்றரை மணித்தியாலம் பின்னால் இருக்கின்றன. நாம் ஸுபஹ் தொழுதுவிட்டு ஐந்தரை மணிக்கு அழைத்தால் றியாத்தில் அதிகாலை மூன்று மணி. பகல் முழுவதும் வெயிலில் உழைத்தவரின் உறக்கத்தை நாம் கலைக்கிறோம். அவர் இரவு பத்து மணிக்கு ஓய்வாக அழைத்தால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. ஆகவே இரு பக்கத்துக்கும் பொருந்தும் ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

அழைப்புச் செயலிகள் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. சவூதி அரேபியா 2017 செப்டெம்பரில் இணையவழி அழைப்புகள் மீதான தடையைத் தளர்த்தியது. அமீரகத்திலோ வட்ஸ்அப் அழைப்பு நீண்ட காலமாகவே கட்டுப்படுத்தப்பட்டு, போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளே பாவனையில் இருந்துவந்துள்ளன. தடையைத் தாண்டுவதற்கு வீ.பி.என். பாவிக்குமாறு கணவரையோ மகனையோ நாம் வற்புறுத்தக் கூடாது. குற்றத்தை மறைக்க அதைப் பாவிப்போருக்கு ஐந்து இலட்சம் திர்ஹம் முதல் அபராதம் விதிக்க 2016இல் அங்கே சட்டம் கொண்டுவரப்பட்டது. ஓர் அழைப்புக்காக ஒருவரின் தொழிலை ஆபத்தில் தள்ளலாமா? அங்கே எது அனுமதிக்கப்பட்டிருக்கிறதோ, அதையே இங்கேயும் நமது போனில் இறக்கிக்கொள்வோம்.

வீட்டுப் பணிக்காகச் சென்ற பெண்களின் குடும்பத்தார், தொடர்பு திடீரென அறுந்துபோனால் வாளாவிருந்துவிடக் கூடாது. 1985இல் நிறுவப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அந்த இலக்கத்தை இன்றே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கதவைத் தட்டும் ஒழுக்கம்

தொழில்நுட்பம் குரலைத் தெளிவாக்கும். கதைப்பவரின் பண்பை அது தெளிவாக்காது. அது நமது பொறுப்பு.

பிறர் வீட்டில் நுழைய முன் அனுமதி கேட்டு ஸலாம் சொல்ல வேண்டும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்பதை ஸூறா அந்நூரின் 27, 28ஆம் வசனங்கள் நமக்குக் கற்பிக்கின்றன. காணொளி அழைப்பும் ஒருவகையில் வீட்டினுள் நுழைவதுதானே? சகோதரி தலையில் துணியின்றி இருக்கக்கூடும், குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கக்கூடும். முதலில் குரலில் அழையுங்கள். ஸலாம் சொல்லி, ‘காணொளியில் வரலாமா?’ என்று கேளுங்கள். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடித்துத் தொந்தரவு செய்யாதீர்கள். உங்கள் பக்கத்திலும், பின்னால் நடமாடுகிற பெண்கள் திரையில் தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணியை மங்கலாக்கும் வசதியும் 2024 முதல் வட்ஸ்அப்பில் இருக்கிறது.

அதே ஸூறாவின் 58ஆம் வசனம், வீட்டுப் பணியாளரும் பருவமடையாத பிள்ளைகளும்கூட அனுமதி கேட்டே வர வேண்டிய மூன்று நேரங்களைக் குறிப்பிடுகிறது: பஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின். அவசரமில்லாத அழைப்புக்கும் இந்த நேரங்களைத் தவிர்த்துக்கொண்டால் எவ்வளவு அழகாக இருக்கும்!

ஒலிபெருக்கியில் போடுமுன், ‘பக்கத்தில் மாமியும் இருக்கிறார்’ என்று சொல்லிவிடுங்கள். தனக்கு மட்டும் என்று நினைத்து ஒருத்தி சொன்ன மனவேதனை, நாலு பேர் முன்னால் ஒலித்ததால் முறிந்த உறவுகள் நம் ஊர்களில் எத்தனை! மறைவாகப் பதிவு செய்வதும் அவ்வாறே. ஐபோனில் 2024இல் வந்த அழைப்புப் பதிவு வசதி, பதிவு செய்யப்படுகிறது என்பதை இருவருக்கும் அறிவித்த பிறகே ஆரம்பிக்கிறது. பிறரின் குறைகளைத் துருவித் தேடக் கூடாது என்று ஸூறா அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தில் எச்சரிக்கப்பட்ட நாம், ஓர் இயந்திரத்தின் ஒழுக்கத்துக்கும் கீழே போகலாமா?

மகனின் குரலில் வருகிற திருடன்

குரல் தெளிவாக வருவதால் புதிய ஆபத்து ஒன்றும் முளைத்திருக்கிறது. மூன்று விநாடிக் குரல் மாதிரி கிடைத்தாலே அதைப் போலப் பேசிக் காட்டும் மென்பொருளை மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் வெளிப்படுத்தினார்கள். அதே ஆண்டு மார்ச்சில், உறவினரின் குரலைப் போலி செய்து ‘விபத்தில் அகப்பட்டுவிட்டேன், உடனே பணம் அனுப்புங்கள்’ என்று ஏமாற்றுவோரைப் பற்றி அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு மக்களை எச்சரித்தது. வளைகுடாவில் மகனை வைத்திருக்கும் ஒரு தாயின் உள்ளத்தை அசைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

செய்தியொன்று வந்தால் தீர விசாரிக்குமாறு அதே ஸூறாவின் 6ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. எனவே மூன்று காரியங்களை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். முதலாவது, பணம் கேட்டு எந்தக் குரல் வந்தாலும் போனை வைத்துவிட்டு, நீங்கள் பதிந்து வைத்திருக்கும் அவரது பழைய இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள். இரண்டாவது, வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைக் குடும்பத்துக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை எவருக்கும் சொல்லாதீர்கள். அதைக் கொண்டுதான் வட்ஸ்அப் கணக்கையே பறித்துக்கொள்கிறார்கள். வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு இலக்கத்தையும் இட்டுவிடுங்கள். அகப்பட்டுக்கொண்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்தில் உதவி கேளுங்கள்.

அறியாத இலக்கங்களின் மணியோசையை அடக்கும் தெரிவும் வட்ஸ்அப்பில் 2023 முதல் உண்டு. தனியே இருக்கும் பெண்களுக்கு இது பெரும் நிம்மதி. ஆனால் உங்களவர் வேறொருவரின் போனிலிருந்து அழைக்கக்கூடும் அல்லவா? அத்தகைய அழைப்புகளும் பட்டியலில் பதிவாகி இருக்கும். நாளுக்கொரு தடவை அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உம்மா திருத்திய சொல்

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உம்மாவைக் காது வைத்தியரிடம் காட்டினோம். போனின் காதுப் பக்கத்தில் படிந்திருந்த மாவைத் துடைத்தோம். வயர் ஹெட்செட் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டோம். சாதாரண அழைப்பை நிறுத்தி, இணையவழியில் அழைக்குமாறு நானாவிடம் சொன்னோம். எல்லாவற்றுக்கும் மேலாக, உம்மாவுக்கு அரைகுறையாகத்தான் விளங்குகிறது என்பதை நானாவிடம் வெளிப்படையாகச் சொன்னோம். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். “இத்தனை வருஷமும் எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேத்திகள் இருவரும் கதைத்தார்கள். இளையவள் தன் பெயரைச் சொல்லி, “நான் ஆரு, சொல்லுங்க மூத்தம்மா” என்று கேட்டாள். உம்மா பெயரைச் சரியாகச் சொன்னதோடு நிற்கவில்லை. அவள் ஓதிக் காட்டிய ஸூறாவில் ஓரிடத்தை நிறுத்தி, “அது ஸீன் இல்ல மகள், ஸாது. திருப்பி ஓதுங்க” என்றார்.

சகோதரிகளே, இன்று மஃரிபுக்குப் பிறகு உங்கள் உம்மாவின் போனைச் சற்று நேரம் கையிலெடுத்துப் பாருங்கள். அதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள். “கேட்குதா?” என்று கேட்காதீர்கள், “வெளங்குதா?” என்று கேளுங்கள். நம் பெற்றோரின் பேச்சைப் பொறுமையோடு கேட்கவும், நம் பேச்சை அவர்களுக்கு விளங்க வைக்கவும் அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.